முரளி அழித்த இரண்டே முக்கால்

முரளி, நீங்கள் பொய் சொன்னீர்கள். அதைப் பொய் என்று காட்டக்கூடிய ஒரே பொருளை, பொய் சொல்வதற்கு முன்பே ஆள் வைத்துச் சுரண்டி, வெள்ளையடித்து, பச்சை பூசிக்கொண்டு வந்தீர்கள்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு அது தெரியும். இந்த வாரம்தான் முதலில் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் டெல்லியில் கைக்கடிகாரம் பழுது பார்த்துப் பிழைத்தவள். என் அம்மா பூங்காவனம், கோல் மார்க்கெட் அரசாங்கக் குடியிருப்பில் பாத்திரம் தேய்த்து என்னை வளர்த்தவள்.

மயூர் விஹாரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக் கூடம். ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள், எங்கும் புழுதி. நாற்காலியில் உட்காரும் முன்பு எல்லோரும் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பின்பக்கத்திலிருந்து போண்டா வாசனை.

"பழைய கடிகாரங்களைக் காப்பது எப்படி" என்று பேச்சு. பேசியவர் முரளி. நல்ல சட்டை, நல்ல கம்பெனியில் பெரிய வேலை, பொழுதுபோக்குக்குப் பழைய கடிகாரம் சேர்க்கிறவர். முன்வரிசையில் அவருடைய அம்மா. என் வாடிக்கையாளர் ஒருவர் நோட்டீஸைக் கையில் கொடுத்ததால் நான் போயிருந்தேன். கடைசி வரிசையில் இருந்தேன்.

முரளி ஒரு கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். "இது எங்க அப்பாவோட வாட்ச். லாஸ்ட் டே வரைக்கும் கையை விட்டுக் கழட்டினதே இல்லை. டயல் மட்டும் மங்கிப் போயிருந்தது. ரெஸ்டோர் பண்ணினேன். இப்ப பாருங்கோ. லைட் ஆஃப், ப்ளீஸ்."

திரைச்சீலையை இழுத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள், இரண்டு பச்சை முட்கள். இருட்டில் பேய்க்கண் மாதிரி எரிந்தன. சின்னப் பிள்ளைகள் மாதிரி எல்லோரும் கை தட்டினார்கள். விளக்கு வந்ததும் நான் எழுந்து நின்றேன்.

"சார், ஒரு கேள்வி. பூசறதுக்கு முன்னாடி அந்த டயல்ல என்ன இருந்துது?"

"ஒண்ணும் இல்லை ஆன்ட்டி. அழுக்கு. ஏதோ கறை."

"கறை எந்த வடிவத்துல இருந்துது?"

அப்போதுதான் அவர் என்னைச் சரியாகப் பார்த்தார். பார்த்த முகத்தில் ஞாபகம் வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் மைக்கைப் பார்த்துச் சொன்னார்: "நெக்ஸ்ட் கொஸ்சின், ப்ளீஸ்."

பூசலாமா, கூடாதா

சில வாரங்களுக்கு முன் ரேடியம் டயலைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "அம்மணி, மங்கிப்போன ரேடியத்தைப் புதிதாகப் பூசினால் என்ன குடி முழுகிப் போகும்? பார்வை மங்கினவருக்குக் கண்ணாடி போடுவது மாதிரிதானே?"

ஐயா, நான் நூற்றுக்கணக்கில் பூசியிருக்கிறேன். ஒரு ரயில்வே கார்டு வருவார். சரக்கு வண்டியில் போகிறவர். இருட்டில் மணி தெரியவில்லை என்றார். மறுநாளே புது மருந்து பூசிக் கொடுத்தேன். அவருக்கு வெளிச்சம் வேண்டும், கொடுத்தேன். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

மங்கினதைத் தொடவே கூடாது என்று மார்பில் அடித்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களையும் எனக்குப் பிடிக்காது. பழுப்பேறிய டயல் என்றால் சிலை கண்டெடுத்த மாதிரி பேசுவார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, "புதுசா பூசி, மேலே டீ டிகாக்ஷன் தடவிப் பழசு மாதிரி பண்ணித் தர முடியுமா" என்று கேட்டார். டிகாக்ஷனைக் குடித்துவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். மேனேஜரிடம் புகார் செய்தார். செய்யட்டும்.

என் கணக்கு ஒன்றுதான். புதிதாக என்ன பூசலாம் என்று கேட்பதற்கு முன், அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று பார். இதற்குப் படிப்பு வேண்டாம். கண் போதும். அது கூட இல்லாதவன் கடிகாரத்தைத் திறக்கக் கூடாது.

திருநீறும் புளியும்

நம் ஜனங்களுக்கு ஒரு வியாதி. எது மங்கலாக இருந்தாலும் தேய்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி. வெள்ளிக் கிண்ணத்துக்குத் திருநீறு. பளபளவென்று இருந்தால்தான் அவர்களுக்குச் சுத்தம்.

ஒரு முறை, பெரிய பதவியில் இருந்த ஒருவரின் மனைவி என் கவுண்டருக்கு வந்தார். கைக்குட்டையில் சுற்றி ஒரு லேடீஸ் வாட்ச். கண்ணாடி கழன்றிருந்ததாம். சரி, இதுதான் சமயம் என்று டயலை ஈரத்துணியில் திருநீறு தொட்டுத் தேய்த்திருக்கிறார்.

"நம்பரெல்லாம் எங்கே போச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க துணியில இருக்கும், பாருங்கம்மா" என்றேன்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி இருப்பார். டெல்லிக்காரர்கள் மட்டும் என்ன? சந்துக்குச் சந்து டயல் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய டயலைக் கொடுத்தால் மொத்தமாகச் சுரண்டிவிட்டு, புதிதாக வெள்ளையடித்து, எண்களை அச்சடித்து, பச்சையும் பூசித் தந்துவிடுவார்கள். ரேடியத்தைச் சுரண்டும் தூசி விஷம், மூச்சில் போகக் கூடாது. அதைக் கூட யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வேஷ்டி வெளுத்த மாதிரி வந்தால் வாடிக்கையாளருக்குத் திருப்தி.

இனி நான் சொல்லப்போவதற்கு ஒரு சின்ன விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பழைய ரேடியம் கடிகாரம் ஏன் மங்குகிறது? ரேடியம் தீர்ந்து போய் அல்ல. அதோடு கலந்திருக்கும் ஒளிர்கிற பொடிதான் தேய்கிறது. ரேடியம் அப்படியே இருக்கும். நாம் போய், நம் பேரன் பேத்திகள் போன பிறகும் இருக்கும். இருட்டில் தெரியாவிட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் இருப்பதைச் சுட்டுக்கொண்டே இருக்கும்.

முட்களிலும் ரேடியம் உண்டு. கடிகாரம் ஓடினால் முட்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓர் இடத்தில் சூடு படாது. ஓடாமல் ஒரே மணியில் வருடக்கணக்காகக் கிடந்தால், முள்ளுக்கு அடியில் டயலில் அதே முள்ளின் வடிவத்தில் பழுப்பாக ஒரு நிழல் விழுந்துவிடும். இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த துணி மாதிரி. அந்த நிழல் ஒரு வருடத்தில் விழாது. யாரும் கையால் வரையவும் முடியாது. அந்தக் கடிகாரம் எந்த மணியில் நின்றது, எத்தனை காலம் யாரும் சாவி கொடுக்காமல் கிடந்தது என்பதற்கு அதுவே எழுத்து.

ரஜாய் மடித்த ஞாயிறு

எனக்குப் பத்து வயது இருக்கலாம். அம்மாவுக்குக் கோல் மார்க்கெட்டில் நான்கு வீடுகள். நான்கும் தமிழ் வீடுகள். அதில் ஒன்று சந்தானகிருஷ்ணன் சார் வீடு. மினிஸ்ட்ரியில் செக்ஷன் ஆபீசர். முரளியின் அப்பா.

டெல்லியில் குளிர் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான். ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை, ஸ்வெட்டர், கோட்டு எல்லாவற்றையும் மொட்டை மாடியில் வெயிலில் போட்டு, சாயங்காலத்துக்குள் மடித்து, பாச்சை உருண்டை போட்டு, இரும்புப் பெட்டியில் அடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். அன்று அம்மாதான் எல்லாவற்றையும் மாடிக்குத் தூக்கிப் போனாள். மாமி, அதாவது சாரின் மனைவி, மடித்தார். இருவரும் சேர்ந்து பெட்டியைத் தள்ளினார்கள்.

திங்கட்கிழமை காலையில் சாரின் கடிகாரத்தைக் காணவில்லை. மாமனார் வீட்டுச் சீதனம். பின்மூடியில் அவருடைய இனிஷியல் வெட்டியிருக்கும். அம்மா எட்டரை மணிக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். பாத்திரத்தைத் தொட விடவில்லை. முன்னறையில் நிறுத்தினார்கள். மற்ற மூன்று வீட்டு மாமிகளும் வந்தார்கள்.

"மாடிக்கும் கீழுக்கும் நீதானே நடந்தே. முந்தானையை உதறு" என்றார் சார்.

உதறினாள். இடுப்பைத் தடவிப் பார்த்தார்கள். சாயங்காலம் எங்கள் ஜுக்கிக் குடிசைக்கு வந்து, அரிசிப் பானையில் கை விட்டுத் துழாவினார்கள். ஒன்றும் இல்லை. "போலீசுக்குப் போகலை. பாவம்னு விடறேன்" என்று சார் பெருந்தன்மை காட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரத்துக்குள் நான்கு வீடும் போயின. தமிழர் வீடு எதிலும் அதற்குப் பிறகு அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை. கட்டடத்தில் செங்கல் சுமக்கப் போனாள். செங்கல் சுமந்ததில் கழுத்து போயிற்று, அது வேறு கதை. அவளைத் தின்றது கழுத்து வலி அல்ல. குழாயடியில் எங்கள் ஆட்களே கூப்பிட்ட பெயர். "ஏ வாட்ச்காரி, மணி என்னா?" என்பார்கள். பூங்காவனம் என்று ஒரு பெயர் இருந்ததே பலருக்குத் தெரியாது.

நாங்கள் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு யமுனைக்கு அந்தப் பக்கம் வந்தோம். பெயரும் கூடவே வந்தது. சொல்லி வைத்த மாதிரி ஒருத்தராவது பழைய இடத்திலிருந்து வந்திருப்பார்கள்.

பையா எங்கே?

தொண்ணூறுகளின் கடைசி. கன்னாட் பிளேஸில் மாடியில் ஒரு கடிகார சர்வீஸ் சென்டர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள்.

"ரிப்பேர்வாலா பையா கஹான் ஹை?" என்றார் அவர். ரிப்பேர் செய்கிற அண்ணன் எங்கே என்று.

"மைன் ஹீ ஹூன்" என்றேன், நான்தான் என்று.

அவர் மனைவி பக்கம் திரும்பித் தமிழில், "இவளா பாக்கப் போறா?" என்றார்.

"ஆமா சார், இவதான் பாக்கப் போறா. குடுங்க."

அசடு வழிந்தார். கடிகாரத்தைக் கொடுத்தார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. வரும் முன்பே சாவி கொடுத்திருக்கிறார். ஆனால் டயலில் இரண்டு நிழல்கள். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. இரண்டே முக்கால். ஓடுகிற முட்கள் அந்த நிழல்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"ரொம்ப நாள் நின்னு போயிருந்துதா சார்?"

"ரொம்ப நாளா? இருபது வருஷம். செம காமெடி." அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்பா போன வருஷம் போயிட்டார். மயூர் விஹார்ல ஃப்ளாட் கிடைச்சுது, வீடு மாத்தினோம். இரும்புப் பெட்டியிலே அவரோட பழைய கோட்டு. தொந்தி வந்து சேராமப் போய் அப்படியே கிடந்திருக்கு. கேட்டுல நிக்கற சௌகிதாருக்குக் குடுக்கலாம்னு அம்மா எடுத்தா, அடியிலே ஏதோ கனமா இடிச்சுதாம். உள்பாக்கெட் ஓட்டை. வாட்ச் லைனிங்குக்குள்ள இறங்கியிருக்கு. அம்மாதான் பிரிச்சு எடுத்தா."

நான் பின்மூடியைத் திருப்பினேன். எஸ்.கே.

"எந்த குவார்ட்டர்ஸ்ல இருந்தீங்க?"

"கோல் மார்க்கெட். தொலைஞ்சு போச்சுன்னே நினைச்சிண்டிருந்தோம். வேலைக்காரி எடுத்துட்டான்னு அப்பா ஒரே ரகளை பண்ணினாராம். பாவம்."

பாவம். இரண்டாவது தடவை அந்த வீட்டு வாயிலிருந்து வந்த பாவம்.

நான் லென்ஸைக் கழற்றவில்லை. கழற்றினால் என் முகம் தெரிந்துவிடும். அங்கேயே, அவர் மனைவி முன்னால், நான் யார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம். இத்தனை எழுதுகிறேனே, அன்று கவுண்டர் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

"இந்தக் கறையைப் போக்கி, ரேடியமும் புதுசா போட்டுடுங்கோ மேடம்" என்றார்.

"டயலைத் தொட வேணாம் சார். சனிக்கிழமை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். ஒருத்தர் பார்க்கணும்."

பெரிய நிபுணர் யாரோ பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு சரி என்றார்.

அவர்கள் போன பிறகு கணக்குப் போட்டேன். அந்த மாதிரிக் கடிகாரம் முழுச் சாவி கொடுத்தால் ஒரு நாளைத் தாண்டி ஓடி, ஒன்றரை நாளுக்குள் நின்றுவிடும். சந்தானகிருஷ்ணன் சார் தினமும் விடியலில் சாவி கொடுப்பவர். அன்று முன்னறையில் அவரே சொன்னதாக அம்மா சொல்லியிருக்கிறாள். ஞாயிறு காலையில் சாவி கொடுத்துக் கோட்டுப் பையில் போட்டு மறந்தது, திங்கள் மத்தியானம் இரண்டே முக்கால் வரை ஓடியிருக்கிறது.

அப்படியென்றால் திங்கள் காலை எட்டரைக்கு, என் அம்மா முந்தானையை உதறிக்கொண்டு நின்றபோது, பக்கத்து அறையில் கட்டிலுக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்தது. ரஜாய்க்கு நடுவில் இருந்ததால் சத்தம் கேட்டிருக்காது. காதைக் கொடுத்தாவது பார்த்தார்களா? அவர்களுக்குக் கை மட்டும்தான் இருந்தது, அரிசிப் பானையில் விட.

இம்மாந்துண்டு

வியாழக்கிழமை அம்மாவைப் பஸ்ஸில் கூட்டி வந்தேன். மாடிப்படி ஏற நேரம் ஆயிற்று. ஸ்டூலில் உட்கார வைத்து, லென்ஸை அவள் கண்ணில் பிடித்தேன்.

"எங்கடி? ஒண்ணும் தெர்ல."

"கிட்ட பாரு. முள்ளு கிடையாது. அதுக்குக் கீழ, டீ கொட்டின மாதிரி."

வெகு நேரம் பார்த்தாள். பிறகு லென்ஸைத் தள்ளிவிட்டு, வெறும் கண்ணால் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இதானா? இம்மாந்துண்டா? நான் இன்னும் பெருசா இருக்கும்னு இருந்தேன்."

"நீ இத முன்ன பார்த்ததே இல்லயா?"

"அவரு கையில இருக்கும். ஆபீசரு கைய நான் எதுக்குப் பாக்கப் போறேன்?"

திருடியதாகச் சொன்ன பொருளை அவள் முதன்முதலில் சரியாகப் பார்த்தது அன்றுதான். அழவில்லை. உள்ளங்கையில் எடை போட்டாள்.

"செல்வி, எனக்கு ஒண்ணும் வேணாம். அந்தப் பையன் வந்தா சொல்லு. அந்த மாமிங்கல்லாம் இன்னிக்கும் கோயில்ல, விசேஷத்துல ஒண்ணா கூடுவாங்க இல்ல? அங்க வந்து, 'பூங்காவனம் எடுக்கல, எங்க வூட்லயேதான் இருந்துச்சு'ன்னு வாயால சொல்லச் சொல்லு. நான் ஓரமா நின்னு கேட்டுக்கறேன்."

"அவன் சொல்லுவானா?"

"ஏன் சொல்ல மாட்டான்? சாட்சிதான் இதுலயே எழுதியிருக்குதே."

ஒரு புடவை

சனிக்கிழமை முரளி தனியாக வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நிழல் என்றால் என்ன, அது எப்படி விழும், நான் யார், அம்மா கேட்டது என்ன. அவர் முகம் வெளுத்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். அதுவரை அவர் அறியாமல் செய்தவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

"ஐ ஆம் வெரி சாரி, மேடம். அம்மாகிட்ட பேசிட்டு சொல்றேன்." பர்ஸைத் தொட்டார். "உங்க அம்மாவுக்கு ஒரு நல்ல புடவை எடுத்துத் தரட்டுமா?"

"புடவை வேணாம். முந்தானையை உதறச் சொன்ன வீட்டிலேர்ந்து புடவை வேணாம்."

"அச்சா, அச்சா. அடுத்த வாரம் வரேன்" என்று கடிகாரத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். மாமி எடுத்தார். நான் பூங்காவனத்தின் பெண் என்றேன்.

"அவர் போய்ச் சேர்ந்தாச்சு. செத்துப் போனவரைப் பத்தி இப்ப எதுக்கும்மா?" என்று வைத்துவிட்டார்.

ஒரு போட்டோவாவது எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்திருக்கலாம். கீழேயே ஸ்டுடியோ இருந்தது. எனக்குத் தோன்றவில்லை. சாட்சி டயலிலேயே இருக்கிறது, எங்கே போகப் போகிறது என்று இருந்துவிட்டேன். அது என் முட்டாள்தனம். படித்தவர்கள் எவ்வளவு சுத்தமாகத் துடைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

போண்டாத் தட்டுக்குப் பக்கத்தில்

மறுபடியும் அந்தக் கூடத்துக்கு வருகிறேன். பேச்சு முடிந்து எல்லோரும் போண்டாவுக்கு வரிசை கட்டினார்கள். முரளி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். குரலைத் தணித்துப் பேசினார்.

"ஆன்ட்டி, எனக்குப் புரியறது. ஆனா அப்பா பேரு... அவர் போயிட்டார். அவருக்காகத்தான் இதை ரெஸ்டோர் பண்ணினேன்."

"உங்க அப்பா போயிட்டாரு. எங்க அம்மா இன்னும் போகலையே சார்."

"அதில்லை..."

"கடைசி நாள் வரைக்கும் கழட்டினதே இல்லைன்னீங்களே. இருபது வருஷம் பெட்டிக்குள்ள இருந்ததை எப்படிக் கையில கட்டியிருந்தாரு?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, கம்பெனியில் பேசுகிற குரலில் கேட்டார்:

"நீங்க சொல்றதுக்கு உங்ககிட்ட ஏதாவது ப்ரூஃப் இருக்கா ஆன்ட்டி?"

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மங்கிய டயலை அழகாக்க ஆசைப்பட்டதால் அவர் பூசவில்லை. என்ன அழிகிறது என்று தெரிந்தே அழித்திருக்கிறார். நான்தானே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன், அந்த நிழலுக்கு என்ன அர்த்தம் என்று. சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அது இன்னும் அங்கேயே இருந்திருக்கும்.

பழைய கடிகாரத்தைக் காப்பது எப்படி என்று அவர் பேசியதை வந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "எங்காத்துலயும் ஒரு ரேடியம் வாட்ச் இருக்கு, இதே மாதிரி பச்சையா பண்ணித் தருவேளா?" என்று கேட்டார். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்கிற பொறுமை எனக்கு இல்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். இப்போது அவளுக்குக் காது மந்தம். கத்திச் சொல்ல வேண்டும்.

"பளபளன்னு இருந்துச்சா?" என்றாள்.

"ரொம்ப."

"மாமி இருந்தாளா?"

"முன்னாடியே உட்கார்ந்திருந்தாங்க."

"அவ ஒண்ணும் சொல்லலயா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் கால் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு எம்பது ஆவுது. நான் போற அன்னிக்கி, பாடை தூக்க வர்றவன் வாட்ச்காரி செத்துட்டான்னுதான் சொல்லுவான். அதான் எனக்கு. வேற ஒண்ணும் இல்ல."

இனி நீங்கள் சொல்லுங்கள்

முரளி, என்னிடம் ப்ரூஃப் இல்லை. டயல் உங்களிடம் இருக்கிறது, அதன் மேல் இருந்தது இல்லை. அதனால்தான் உங்களையே கேட்கிறேன். நான் சொல்வதில் ஒரு வார்த்தை பொய் என்றால் அதையும் சொல்லுங்கள். என் பெயரைப் போட்டே சொல்லுங்கள்.

தனியாகப் போன் செய்ய வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். தெரிந்தவர்கள் மூலம் "விடுங்களேன்" என்று சொல்லியனுப்ப வேண்டாம். நாலு பேர் நடுவில் வைத்து வந்த பழி, தனி அறையில் போகாது.

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்ததால் உங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று கேள்வி. உங்கள் அம்மாவுக்கு நன்றாகவே வரும். இதை அவரையே சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கோட்டின் உள்துணியைப் பிரித்த இடத்துக்கு வரும்போது அவர் நிறுத்தாமல் படிக்கிறாரா என்று பாருங்கள்.

பிறகு, இந்தப் பத்திரிகைக்கே எழுதுங்கள். ஆசிரியரிடம் பேசிவிட்டேன், இதே பக்கத்தில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கிலீஷில் எழுதினாலும் சரி, தமிழாக்கிப் போடுவார். நான் கேட்பது இரண்டே கேள்விகள். உங்கள் அப்பாவின் கடிகாரம் அந்த இருபது வருடமும் எங்கே இருந்தது? அதைப் பூங்காவனம் எடுத்தாளா, இல்லையா?

அவள் உயிரோடு இருக்கும்போதே பதில் சொல்லுங்கள்.